வேலை மாறும் பிள்ளையைப் பற்றி நண்பனுக்கு

பாயான் பாரு, பினாங்கு

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. மகன் மூன்றாவது வேலையையும் விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறான் என்றும், எதிலும் அவனுக்கு மனம் நிலைக்கவில்லையே என்று உன் மனைவி வருந்துகிறார் என்றும் எழுதியிருந்தாய். உங்கள் செந்தூலில் யோசனை சொல்ல ஆளா இல்லை? நம் வகுப்பில் என்னைப் போல் வேலை மாறியவன் வேறு யாரும் இல்லை என்பதால்தான் என்னைக் கேட்கிறாய் என்று நினைக்கிறேன்.

பிடித்த வேலையைத் தேடிக்கொள் என்று பிள்ளைகளுக்குச் சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. எந்த வேலையும் முதல் சில மாதங்கள் பிடிக்கத்தான் செய்யும். புதுமை தீர்ந்து, மேலாளரின் குணமும் வேலையின் அலுப்பும் தெரிந்த பிறகு என்ன மிஞ்சுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். யாரும் ஏவாமலே ஒவ்வோர் இடத்திலும் அவன் கை எதை நாடிப் போனது என்று நீ கவனித்தாயா?

1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வர்த்தக மண்டலம் தொடங்கி, இண்டெல் முதலிய நிறுவனங்கள் வந்து சேர்ந்த பிறகு, இந்தத் தீவில் பள்ளி முடித்த பலருக்கு ஃபேக்டரி என்பது தானாக அமைந்த வழியாயிற்று. நானும் அப்படித்தான் ஒரு சிப் தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் நுழைந்தேன். தேறாத சில்லுகளை எண்ணிக் குறித்து வைப்பதோடு என் பொறுப்பு முடிந்தது; எனக்கோ அவை ஏன் தேறவில்லை என்று டெக்னீஷியனைக் குடைந்தால்தான் ஷிஃப்ட் நகரும். பிறகு லெபோ பசாரில் ஒரு துணிக்கடையில் நின்றேன். புடவையை விரித்துக் காட்டிப் பேசுவதில் எனக்கு ருசி ஏற்படவே இல்லை. ஆனால் இரவில் கல்லாக் கணக்கு பத்து வெள்ளி உதைத்தால், எங்கே உதைக்கிறது என்று கண்டுபிடிக்காமல் வீட்டுக்குப் போக மனம் வராது. காப்புறுதி முகவராக இருந்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, உறவினர்கள் என்னைக் கண்டதும் பேச்சை மாற்றக் கற்றுக்கொண்டார்கள் என்பதைத் தவிர.

பத்து ஃபெரிங்கியில் ஒரு தங்கும் விடுதியின் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்தபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. ஓர் அறையில் ஏர்கோன் குளிரவில்லை என்றால் கேஸ் நிரப்பிவிட்டுப் போவது அங்கே வழக்கம். கேஸ் பெட்ரோலைப் போல் ஓட ஓடத் தீர்வதில்லை. எங்கோ கசிந்தால் ஒழிய அது குறையாது. உள்ளே சுருளில் ஐஸ் கட்டியிருந்தால் வடிகட்டியில் அழுக்கு அடைத்துக் காற்றோட்டம் குறைந்திருக்கலாம், கேஸ் குறைந்தும் இருக்கலாம். இரண்டுக்கும் வெளியே தெரியும் அடையாளம் ஒன்றே. எது என்று பிரித்தறிய நான் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பேன். ஓவர்டைம் உண்டா என்ற நினைப்புகூட வராது. சோதனைப் பிரிவிலும் துணிக்கடையிலும் நான் செய்துகொண்டிருந்தது இதே வேலைதான். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இடங்களில் அது திரும்பத் திரும்ப வெளிப்பட்டதால்தான், அது அந்த இடங்களின் குணமல்ல, என் குணம் என்று எனக்குத் தெரிந்தது.

ஷா ஆலாம் கிடங்கில் உன் மகன் யாரையும் கேட்காமல் அடுக்குகளின் வரிசையை மாற்றி வரைந்து கொடுத்தான் என்றும், அதற்காக மேற்பார்வையாளரிடம் திட்டு வாங்கினான் என்றும் நீ ஒரு வரியில் எழுதிவிட்டுக் கடந்துவிட்டாய். உன் கடிதத்திலேயே எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த வரிதான். வங்கி முகப்பிலும் உணவு விநியோகத்திலும் இருந்தபோது இதைப் போல் ஏதாவது செய்தானா என்று அவனிடமே கேள்.

வேலை மாறுவதற்கு விலை உண்டு என்பதையும் அவனுக்குச் சொல். 1955ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டப்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைவாகப் பணியாற்றியவருக்கு ஆண்டு விடுப்பு 8 நாள்தான். இரண்டு ஆண்டானால் 12, ஐந்தாண்டு நிறைந்தால் 16. முதலாளி தாமாக அதிகம் தந்தால் ஒழிய, ஒவ்வொரு முறை மாறும்போதும் அந்த 8க்கே திரும்ப வேண்டியதுதான். சேமநிதிக் கணக்கு ஆளோடு கூடவே வரும் என்பது உண்மையே. ஆனால் சும்மா இருக்கும் மாதங்களில் அவன் சம்பளத்தில் பிடிக்கும் 11 விழுக்காடும் வராது, முதலாளியின் பங்கும் வராது. இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும்: எனக்கு அப்பாவின் வீடு இருந்தது, கரையேற்ற வேண்டிய தங்கை தம்பி இல்லை. தோட்டத்திலிருந்து வந்து உங்களையெல்லாம் படிக்க வைத்த உன் அண்ணனால் இப்படி மாறிப் பார்த்திருக்க முடியுமா? ஆகவே இனி ஒரு வேலையில் சேர்ந்தால், அடுத்தது கைக்கு வந்த பிறகே அதை விடட்டும். சேர்ந்த இடத்தில் ஓராண்டாவது இருக்கட்டும்.

ஒரு கைத்தொழிலில் அவன் மனம் நிலைத்தால், மீண்டும் முதலிலிருந்து வகுப்பில் உட்கார வேண்டும் என்பதில்லை. வேலையிலேயே கற்றவர்களின் அனுபவத்தை மதிப்பிட்டு மலேசியத் திறன் சான்றிதழ் வழங்கும் முறை, திறன் மேம்பாட்டுத் துறையின் கீழ் இருக்கிறது; மலாய்ச் சுருக்கத்தில் பி.பி.தி என்பார்கள். செய்த வேலைக்கான சான்றுகளைத் தொகுத்துக் கொடுக்க வேண்டும், மதிப்பீட்டாளர் அவற்றைச் சரிபார்ப்பார். நான் என் சான்றிதழை வாங்கியது அந்த வழியில்தான். அப்போது பழைய நியமனக் கடிதங்களைத் தேடி நான் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. அவன் தன்னுடையவற்றை இப்போதே ஒரு கோப்பில் போட்டு வைக்கட்டும்.

தீபாவளிக்குப் பிறகு அவனை ஒரு வாரம் இங்கே அனுப்பு. என்னோடு வேலைக்கு வந்து பார்க்கட்டும். கையுறை என்னிடம் இருக்கிறது, காலணி மட்டும் கொண்டுவரச் சொல்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்