வெறுங்கையோடு வந்தவளின் பங்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய சமுதாயங்களில் வரதட்சணை இல்லாமல் மணந்த பெண்களைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அவர்களை விடுதலை பெற்றவர்களாகவே அது காட்டுகிறது. என் மனம் அதை ஏற்கவில்லை.

பண்டைய ஏதென்ஸில் மனைவியை விலக்கிய கணவன் அவள் கொண்டுவந்த பொருளைத் திருப்பித் தர வேண்டும். தாமதித்தால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. ஒன்றும் கொண்டுவராதவளுக்கு அந்தக் காப்பு இல்லை. அவளை வெளியே அனுப்புகிறவனுக்கு ஒரு காசு நட்டமில்லை. அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. பொருள் தரப்படவில்லை என்பதையே காட்டி, அவள் முறைப்படி வந்த மனைவியே அல்ல என்று அங்கே வழக்காடியிருக்கிறார்கள். அவள் பெற்ற பிள்ளையின் வாரிசுரிமையும் அதோடு போய்விடும்.

வரதட்சணை கேட்பவர்களுக்காக நான் பரிந்து பேசவில்லை. பெண்ணுக்கு விலை வைப்பவனை வீட்டு வாசலிலேயே நிறுத்த வேண்டும். ஆனால் பிறந்த வீட்டுச் சொத்தில் மகளுக்கு உரிமையில்லாத இடங்களில், அவள் கையோடு கொண்டுபோனது மட்டுமே அவளுக்குக் கிடைத்த பங்கு. பழைய பாபிலோனிய மன்னன் ஹம்முராபியின் சட்டத்தில் ஒரு விதி இருக்கிறது: முறைப்படி மணக்காத துணைவிக்குப் பிறந்த மகளுக்குச் சீர் கொடுக்காமல் தந்தை இறந்துவிட்டால், அவருடைய சொத்துக்கு ஏற்ப உடன்பிறந்தவர்கள் கொடுத்து மணம் செய்து வைக்க வேண்டும். ஏறத்தாழ 3,750 ஆண்டுகளுக்கு முந்தைய சட்டம் இது.

எனக்கும் வரதட்சணை இல்லாமல்தான் திருமணம் நடந்தது. என் கணவர் எதுவும் கேட்கவில்லை. அதில் எனக்கு இன்றும் பெருமைதான். ஆனால் அப்பா காலமான பிறகு எல்லாம் அண்ணன்கள் பெயருக்கு மாறியது. நான் வாய் திறந்தபோது, "செலவே வைக்காமல் நல்ல இடம் அமைந்ததே, இன்னும் என்ன வேண்டும் உனக்கு?" என்று கேட்டார்கள். அப்பாவுக்கு நான் மிச்சப்படுத்திக் கொடுத்ததும் அவர்கள் பங்கில் சேர்ந்துகொண்டது.

1983இல் கிரேக்க நாடு வரதட்சணையை ஒழித்தபோது, மணவாழ்வில் கணவன் சேர்த்த சொத்தில் மனைவி பங்கு கேட்கும் உரிமையையும் அதே சட்டத்தில் தந்தது. ஒரு கையால் எடுத்ததை மறு கையால் கொடுத்தார்கள். கட்டுரையாளர் இதைத் தொடவே இல்லை.

இனி வரதட்சணை வாங்காத திருமணங்களைப் பாராட்டி எழுதும்போது, அந்தப் பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் என்ன கிடைத்தது என்பதையும் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி