கீமோவுக்கு முன்பே வரும் மறதி

அன்புள்ள கண்ணம்மா,

புற்றுநோய்க்கான கீமோ இன்னும் தொடங்கவே இல்லை, அதற்குள் எப்படி மறதி வரும் என்று கேட்டிருந்தாய். வரும். மருந்து ஏறுமுன்பே 30 சதவீதம் நோயாளிகள் வரை நினைவு, கவனச் சோதனைகளில் தடுமாறுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. புற்றுநோயில் வரும் மறதி எல்லாவற்றுக்கும் 'கீமோ மூளை' என்று ஒரே பெயர் வைத்துவிட்டதால்தான் முன்கூட்டியே வருவதை வெளியே சொல்லக் கூசுகிறார்கள்.

கட்டியோடு மல்லுக்கட்டும்போது உடம்பு சைட்டோகைன் என்ற புரதங்களைச் சுரக்கும். சில கட்டிகள் தாமே சுரக்கும். அவை மூளையையும் மந்தப்படுத்தும். காய்ச்சலில் கணக்கு ஓடாது இல்லையா, கிட்டத்தட்ட அப்படித்தான். தூக்கம் கெட்டதும் கவலையும் அதன்மேல் ஏறிக்கொள்ளும். ஆனால் "வெறும் கவலைதான்" என்று யாராவது முடித்துவைத்தால் விட்டுவிடாதே. சரிசெய்யக்கூடிய காரணங்கள் தப்பிப்போவது அங்கேதான்.

ஹீமோகுளோபின், சோடியம், கால்சியம், தைராய்டு, பி12 பார்த்தாயிற்றா என்று டாக்டரிடம் கேள். கால்சியம் ஏறினாலும் சோடியம் இறங்கினாலும் குழப்பம் வரும். தூக்க மாத்திரை, ஓபியாய்டு வலி மருந்து, தூக்கம் வரவழைக்கும் அலர்ஜி மாத்திரை, இவையும் புத்தியை மழுங்கடிக்கும். கடையில் நீயாக வாங்கியதையும் சேர்த்து எழுதிக் கொண்டுபோ. எதையும் நீயாக நிறுத்தாதே.

முதல் கீமோ தேதிக்கு முன் நினைவுக்கும் கவனத்துக்கும் ஒரு சோதனை செய்துகொள். இன்றைய அளவு கையில் இல்லாவிட்டால், பிறகு எது நோயால் வந்தது, எது மருந்தால் வந்தது என்று பிரிக்கவே முடியாது. 30 மதிப்பெண்ணுக்கான மோக்கா சோதனை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், ஆனால் நுண்ணிய சரிவு அதில் தப்பிவிடும். 28 வாங்கியவர்கூட வேலையில் திணறலாம். நரம்பு உளவியல் நிபுணரைக் கேள். சொற்பட்டியலை நினைவில் வைத்துத் திருப்பிச் சொல்வது, எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றி இணைப்பது, ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடம் அடுக்குவது என்று சோதிப்பார்.

அதுவரை ஒரு வாரம் குறித்து வை. "மறதி" என்று மொட்டையாக எழுதாதே. "காலை 11 மணி, அடுப்பை அணைக்க மறந்தேன், இரவு தூக்கம் 4 மணி நேரம்" என்று எழுது.

திடீர்க் குழப்பம், வலிப்பு, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் பலம் குறைவது, காலையில் தலைவலியோடு வாந்தி, இவற்றில் ஒன்று வந்தாலும் குறிப்பேட்டைத் தேடாதே. நேரே அவசரப் பிரிவுக்குப் போ. மூளை ஸ்கேன் தேவைப்படும். சில வாரங்களுக்குள் நினைவு மளமளவென்று சரிந்தாலும் காத்திருக்காமல் டாக்டரிடம் சொல்.

அடுத்த தடவை மாப்பிள்ளையையும் கூட்டிப் போ. டாக்டர் சொல்வதை அவர் எழுதிக்கொள்ளட்டும்.

அம்மா