பெரியம்மாவின் கையெழுத்து செல்லாதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில், தெற்கே வேலைக்குப் போன வன்னி இளையோர் பற்றிய கட்டுரையில், “பெற்றோர் வளர்ப்பில்லாத இவர்களுக்கு நகரத்தில் ஒட்டி வாழத் தெரியவில்லை” என்று ஒரு வரி இருந்தது. உங்கள் பத்திரிகையை விடாமல் வாங்குகிறவள் என்ற உரிமையில் கேட்கிறேன். வளர்ப்பில்லாத பிள்ளைகள் என்றால், வளர்த்த நான் யார்?

தங்கையின் இரண்டு பிள்ளைகளையும் விசுவமடுவில் வளர்த்தவள் நான். தகப்பன் 2009 மே மாதம், போர் முடிந்த நேரத்தில், வட்டுவாகலில் இராணுவத்தால் விசாரணைக்கென்று பிரித்தெடுக்கப்பட்டவர். இன்றுவரை தகவலில்லை. மெனிக் பாம் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தபின் கடன் நெரித்தது; தங்கை குவைத்துக்குப் போனாள். வெளிநாட்டு வேலைக்குப் போகும் தாய்மாருக்கென்று 2013இல் வந்த குடும்பப் பின்னணி அறிக்கையில் பிள்ளைகளின் பாதுகாவலர் என்று என் கையெழுத்தை வாங்கிக்கொண்டுதான் அவளை அனுப்பினார்கள். வெளிநாடு போகும் தகப்பன்மாரிடம் அந்த அறிக்கையை யாரும் கேட்கவில்லை.

மூத்தவள் இப்போது கொழும்புக்குக் கிட்ட கட்டுநாயக்கவில், போடிங் என்கிற வாடகை அறையில் இருக்கிறாள். உடுப்பெல்லாம் இன்னும் பையில்தான். அலுமாரி வாங்கு பிள்ளை என்றால், “இருக்கட்டும் பெரியம்மா” என்பாள். போரில் விசுவமடுவிலிருந்து மாத்தளன்வரை பங்கருக்குப் பங்கர், பதுங்குகுழி மாறிப் பதுங்குகுழி என்று ஓடிய பிள்ளை. ஓரிடத்தில் கால் ஊன்றுவதற்குள் அப்பாவும் இல்லை, பிறகு அம்மாவும் இல்லை. ஆனால் அறையில் எவளுக்குக் காய்ச்சல் வந்தாலும் இரவிரவாகக் கஞ்சி காய்ச்சுகிறவள் அவள்தான். கூட வேலை செய்யும் சிங்களப் பிள்ளைகளின் வீட்டுக் கலியாணங்களுக்கும் போய் வருகிறாள். இவளா ஒட்டாதவள்?

இளையவன் கொழும்புக்குப் பக்கத்தில் வத்தளையில். ஊருக்கு வருவதே குறைவு. கேட்டால் “அங்க ஆர் இருக்கினம்?” என்கிறான். நான் இருக்கிறேனே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நகரம் எங்களை ஒட்டவிட்டதா என்பதையும் கட்டுரையாளர் கேட்டிருக்கலாம். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழரைப் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பியதும், உயர் நீதிமன்றம் தலையிட்டுத் தடுத்ததும் நீங்கள் அறியாததல்ல. அந்த நகரத்துக்குத்தான் இந்தப் பிள்ளைகளும் போயிருக்கிறார்கள்.

அண்மையில் மூத்தவள் பாதுகாப்பான ஒரு விடுதிக்கு விண்ணப்பித்தாள். தாய் அல்லது தகப்பனின் கையெழுத்துத்தான் வேண்டுமாம். கிராம அலுவலர் உறுதிப்படுத்திய என் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தாயை வெளிநாட்டுக்கு அனுப்பச் செல்லுபடியான கையெழுத்து, மகள் ஒரு கட்டில் எடுக்கச் செல்லாதா?

விடுதிகள் பாதுகாவலரின் கையெழுத்தையும் ஏற்கவேண்டும் என்று நீங்கள் நாலு வரி எழுதவேண்டும். கட்டுரை வந்த அதே பக்கத்தில் இக்கடிதத்தையும் பிரசுரித்தால் நன்றியுடையவளாவேன்.

இப்படிக்கு,
ஒரு பெரியம்மா,
விசுவமடு.