தரையிறங்கும் விமானத்தின் எஞ்சின் ஏன் இரைகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

கட்டுநாயக்காவில் இறங்கும் விமானங்கள் கடைசி நிமிடங்களிலும் எஞ்சினை இரையவிட்டு எரிபொருளை வீணாக்குகின்றன என்றும், சரிவில் சைக்கிள் விடுவதுபோல வலுவைக் குறைத்து மிதந்து வரலாமே என்றும் வாசகர் ஒருவர் இப்பகுதியில் எழுதியிருந்தார். அந்த உவமை இங்கே பொருந்தவில்லை.

பெரிய உயரத்திலிருந்து இறங்கும்போது விமானிகள் எஞ்சினை ஆகக் குறைந்த வலுவில்தான் பெரும்பாலும் வைத்திருக்கிறார்கள். வாசகர் கேட்கும் சிக்கனம் அங்கே ஏற்கெனவே நடக்கிறது. ஓடுபாதையை நெருங்கும்போதோ, குறைந்த வேகத்தில் பறப்பதற்காகப் பிளாப்புகள் (இறக்கையோடு இணைந்த மடல்கள்) விரிக்கப்பட்டுச் சில்லுகளும் இறக்கப்படுவதால் காற்றுத்தடை பெருகுகிறது. சுமார் 140 நொட் (மணிக்கு ஏறக்குறைய 260 கிலோமீற்றர்) வேகம் குறையாமல் 3 பாகைச் சரிவில் வருவதற்கு, அத்தடையை ஈடுசெய்யும் உந்துவிசை இடைவிடாமல் வேண்டும். மேலும், அந்த வேகத்துக்குக் கீழே போகப் போகத் தடை குறைவதற்குப் பதிலாகக் கூடவும் தொடங்கலாம். வேகம் இழக்கும் விமானம் பின்னர் இன்னும் விரைவாக அதை இழக்கும்.

இதைவிட முக்கியமான காரணம் ஜெட் எஞ்சினின் மந்தம். நம் கடற்கரையில் படகின் மோட்டார், பிடியைத் திருகியவுடன் சீறுகிறது. ஜெட் எஞ்சினிலோ பாரமான சுழலிகள் வேகமெடுக்க வேண்டும். அவசரப்பட்டு எரிபொருளை அள்ளிக் கொட்டினால் உள்ளே காற்றோட்டம் குலைந்துவிடும் என்பதால், கட்டுப்பாட்டுக் கருவி அதை அளந்தே விடுகிறது. ஆகக் குறைந்த நிலையிலிருந்து முழு வலுவை எட்டுவதற்கு 8 செக்கன் வரை பிடிக்கலாம். அதற்குள் விமானம் ஏறக்குறைய 100 அடி இறங்கி, அரைக் கிலோமீற்றருக்கு மேல் முன்னேறியிருக்கும். நடுத்தர வலுவில் ஏற்கெனவே சுழன்றுகொண்டிருக்கும் எஞ்சின் இதைவிட மிக விரைவாக எழும். காற்று திடீரென மாறினாலோ, ஓடுபாதையில் வேறொரு விமானம் நின்றாலோ, மீண்டும் மேலெழ உதவுவது அந்த இரைச்சல்தான்.

2013 ஜூலை 6 அன்று சான் பிரான்சிஸ்கோவில் தென்கொரியாவின் ஏசியானா விமான நிறுவனத்தின் போயிங் 777, எஞ்சின்கள் ஆகக் குறைந்த வலுவில் இருக்கும் நிலையில் இறங்கி வந்தது. 137 நொட்டாக இருக்கவேண்டிய வேகம் 103 நொட்டுக்குச் சரிந்தது. மோதுவதற்கு 3 செக்கன் முன்பு எஞ்சின்கள் பாதி வலுவைத்தான் எட்டியிருந்தன. ஓடுபாதைக்கு முன்னிருந்த கடற்சுவரில் வால் அடிபட்டு, மூவர் இறந்தனர். வலு கேட்கப்பட்டது, ஆனால் நேரம் கடந்துவிட்டிருந்தது.

இதனால்தான் பல நிறுவனங்கள், முகில் மூடிய வேளையில் 1000 அடி உயரத்துக்கு இறங்குமுன் வேகம், சரிவு, வலு மூன்றும் நிலைபெறாவிட்டால் இறங்காமல் மேலெழ வேண்டும் என்று விதித்துள்ளன. நிலத்தைத் தொடும் தறுவாயில் வலு குறைக்கப்படுகிறது. தொட்டபின் கேட்கும் பேரிரைச்சல், வேகத்தைத் தணிக்க உந்துவிசையை முன்புறமாகத் திருப்பும்போது எழுவது. வாசகர் குறிப்பிட்டது ஒருவேளை அந்தச் சத்தமாகவும் இருக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர்,
திருகோணமலை.