சாமி அலமாரியில் இருந்த டப்பா

கண்ணு,

போன் பண்ணினால் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன். கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டியாகிவிட்டது. அப்பாவுக்குக் கொலுசுப் பட்டறையில் வேலையும் இருக்கிறது, முட்டிவலியும் இருக்கிறது.

சாமி அலமாரியைத் துடைக்கும்போது என் ஆபரேஷன் டப்பா அகப்பட்டது. நர்ஸ் கொடுத்த அதே பிளாஸ்டிக் டப்பா. உள்ளே என் பித்தப்பையிலிருந்து எடுத்த 17 கல். மிளகு அளவு, சிலது பட்டை பட்டையாகத் துவரம்பருப்பு மாதிரி. ஆட்டினால் கொலுசுப் பரல் சத்தம். இதை வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் கேஸ் என்று ஓமத் தண்ணீரும் சோடாவும் குடித்தேன். அம்மாயி பேச்சைக் கேட்டு வாழைத்தண்டுச் சாறு வேறு. அது கிட்னிக் கல்லுக்குச் சொல்வது. பித்தப்பைக் கல் எந்தச் சாறுக்கும் கரையாது. கடைசியில் ஒரு கல் நழுவிப் பித்தக்குழாயை அடைத்து, கண்ணெல்லாம் மஞ்சளாகி, வாய் வழியாகக் குழாய் விட்டு அதை எடுத்து, பிறகுதான் ஆபரேஷன். முதல் வலியிலேயே போயிருந்தால் ஒரே வேலையாக முடிந்திருக்கும். தள்ளிப்போடக் கூடாது.

பயப்பட வேண்டாம். நாலு சின்னத் துளை. வயிற்றில் காற்றை நிரப்பி, கேமரா விட்டுப் பார்த்துச் செய்கிறார்கள். கல்லை மட்டும் எடுத்தால் திரும்ப வரும் என்று பையையே எடுத்துவிடுவார்கள். பை போனாலும் பித்தம் கல்லீரலில் சுரந்துகொண்டுதான் இருக்கும். இரண்டு நாள் தோள்பட்டை வலிக்கும், அது அந்தக் காற்றால். தள்ளிப்போடாதே, அவ்வளவுதான்.

உனக்கும் கல் என்று தம்பி சொல்லிவிட்டான் கண்ணு. அவனைத் திட்டாதே. ராத்திரி இரண்டு மணிக்கு அந்த வலியோடு தனியாக ஆட்டோ பிடித்துப் போனாயாமே. என் பெண்ணுக்குத்தான் அந்தத் தைரியம் வரும். ஆனால் பெற்றவளிடம் ஒரு வார்த்தை சொல்ல ஏன் மனசு வரவில்லை?

இந்த வயதில் ஏன் வந்தது என்று எனக்குப் பார்த்த டாக்டரிடமே போய்க் கேட்டேன். "சமீபத்தில் ரொம்ப இளைத்தாளா?" என்றார். மளமளவென்று இளைத்தால் கல்லீரல் கொழுப்பைப் பித்தத்தில் சேர்க்குமாம். பட்டினி கிடந்தால் பை சுருங்காமல் பித்தம் தேங்கி இறுகுமாம். தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கும் வரலாமாம். என் வயிற்றிலிருந்து வந்ததோ, என் வாயிலிருந்து வந்ததோ.

பொங்கலுக்கு வந்தபோது சுடிதார் நாடாவை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தாய். காறை எலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. இரண்டு கவளத்தோடு எழுந்துவிட்டாய். நான் என்ன சொன்னேன்? "இப்பத்தான் லட்சணமா இருக்க." தெருவெல்லாம் சொல்லிப் பூரித்தேன். மேட்டூர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போன ராத்திரி, சமையல்கட்டில் உன்னை நிற்க வைத்து நான் சொன்னது உனக்கு மறந்திருக்காது. எனக்கும் மறக்கவில்லை. அதைத் திரும்ப எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. அவர்கள் கூட அப்படிச் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன்.

வேளாவேளைக்குக் கொஞ்சமாவது சாப்பிடு. எண்ணெய்ப் பண்டம் மட்டும் வேண்டாம். தேதி தெரிந்தால் ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறிவிடுவேன், விடிகாலையில் சென்னையில் இருப்பேன். ரசஞ்சோறு பிசைந்து தருகிறேன். உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

தேதியைத் தம்பியிடம் சொல்லாதே, என்னிடம் சொல்.

அம்மா