முதல் காகிதம் உன்னுடையது

அன்பு மகளுக்கு,

பயிற்சி முடிந்து 108 ஆம்புலன்ஸ் வண்டியில் ஈஎம்டியாக, அதாவது அவசர மருத்துவ உதவியாளராக, ஏறிவிட்டாய். சிபிஆர், பிரசவம், முறிந்த எலும்புக்குக் கட்டை கட்டுவது எல்லாம் நன்றாகவே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஆஸ்பத்திரியின் காஷுவாலிட்டியில் (அவசரப் பிரிவில்) வேலை பார்த்தவளாக நான் சொல்ல நினைப்பது பேனாவையும் போனையும் பற்றி. அடிபட்டவரைப் பற்றி எழுதப்படும் முதல் காகிதம் உன்னுடையது. டாக்டரின் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) என்ட்ரி, போலீஸின் எஃப்.ஐ.ஆர்., இன்சூரன்ஸ் வழக்கு எல்லாம் அதற்குப் பின்னால்தான் வரும்.

பைக்கில் போனவரை லாரி இடித்துவிட்டு நிற்காமல் போயிருக்கும். ஓடி வந்தவர்கள் "சறுக்கி விழுந்துட்டார்மா" என்பார்கள். நீயும் அவசரத்தில் 'தானாகச் சறுக்கி விழுந்தார்' என்று எழுதினால், அதுவே ஏ.ஆரில் ஏறும். ஆறு மாதம் கழித்து அந்தக் குடும்பம் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் நிற்கும்போது இன்சூரன்ஸ் வக்கீல் முதலில் நீட்டுவது அந்த ஒரு வரியைத்தான். அதனால் நீ கண்டதைத் தனியாக எழுது, கேட்டதைச் சொன்னவரோடு சேர்த்து எழுது: 'சறுக்கி விழுந்ததாக அருகில் நின்ற கடைக்காரர் கூறினார், நோயாளி பேசவில்லை, பைக்கின் பின்பக்கம் நசுங்கியிருந்தது.' கடைக்காரர் பெயர் சொல்ல விரும்பாவிட்டால் வற்புறுத்தாதே. உதவி செய்தவரைப் பெயர் கேட்டுக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதற்காகவே 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவைச் சேர்த்தார்கள்.

'குடிபோதையில் இருந்தார்' என்றும் எழுதாதே. வாடை அடித்தால் 'வாயில் மது வாடை' என்று மட்டும் எழுது. தலையில் ரத்தக்கசிவு உள்ளவரும், சர்க்கரை இறங்கியவரும் குடித்தவர் போலவேதான் உளறுவார்கள். குளுக்கோமீட்டரில் பார்த்து அந்த எண்ணைப் பக்கத்திலேயே குறி.

நேரங்களில் அக்கறையாக இரு. அழைப்பு வந்தது, வண்டி கிளம்பியது, இடம் சேர்ந்தது, நோயாளியைத் தொட்டது, அங்கிருந்து புறப்பட்டது, ஆஸ்பத்திரி சேர்ந்தது, ஒப்படைத்தது, ஒவ்வொன்றும் தனி நேரம். விபத்து நடந்த நேரத்தையும் கேட்டு எழுது. 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் இலவச சிகிச்சை முதல் 48 மணி நேரத்துக்குத்தான். பி.பி., நாடி, மூச்சு, ஆக்ஸிஜன் அளவு ஆகியவற்றை நிலை மோசமானவருக்கு 5 நிமிடத்துக்கு ஒரு முறையும், மற்றவர்களுக்கு 15 நிமிடத்துக்கு ஒரு முறையும் பார். நான்கு வரியிலும் 120/80 என்று இருந்தால் டாக்டர் அந்தத் தாளையே நம்பமாட்டார். ஆக்ஸிஜன் அளவை மாஸ்க் வைப்பதற்கு முன் ஒன்று, பின் ஒன்று என இரண்டாக எழுது. சுயநினைவை அளக்கும் கிளாஸ்கோ அளவுகோலில் மொத்த எண் போதாது. 'கண் 2, பேச்சு 3, அசைவு 5' என்று பிரித்து எழுது. அரை மணி கழித்து எது குறைந்தது என்று அப்போதுதான் தெரியும்.

எழுதியதில் தப்பு வந்தால் ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் நேரமும் இடு. வெள்ளை மை பூசிய தாளைக் கோர்ட்டில் திருத்திய தாளாகத்தான் பார்ப்பார்கள்.

கண்ட்ரோல் ரூம் டாக்டர் போனில் மருந்து சொன்னால் மருந்தின் பெயர், அளவு, கொடுக்கும் வழி மூன்றையும் திருப்பிச் சொல்லி, அவர் "ஆமா" என்ற பிறகே ஊசியைத் தொடு. சைரன் சத்தத்தில் ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் ஒன்றாகக் கேட்கும். "ஒன்று, ஐந்து" என்று இலக்கமாகச் சொல். ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டிச் சொல்வது அரை நிமிடத்தில் முடிய வேண்டும்: வயது, ஆணா பெண்ணா, என்ன நடந்தது, எங்கே அடி, இப்போதைய பி.பி., நாடி, நினைவு, என்ன கொடுத்தாய், எத்தனை நிமிடத்தில் வருவாய். பூச்சிமருந்து குடித்தவர் என்றால் டப்பாவையும் கூடவே எடுத்து வா, லேபிளில் உள்ள பெயரைப் படித்துச் சொல். "ஏதோ வயல் மருந்து" என்றால் எதற்குத் தயாராவது?

"வரமாட்டேன்" என்பவரை இழுத்து ஏற்ற முடியாது. முதலில் அவர் தெளிவாக இருக்கிறாரா என்று பார்: பெயர், இடம், நாள் சொல்கிறாரா, சர்க்கரை எவ்வளவு. வராவிட்டால் என்ன ஆகலாம் என்பதை அவருக்குப் புரியும் தமிழில் சொல்லி, அவர் சொன்ன பதிலை அப்படியே எழுது. கண்ட்ரோல் ரூம் டாக்டரிடம் தெரிவி. வர மறுப்பவரின் கையெழுத்தும் சாட்சிக் கையெழுத்தும் வாங்கு. போட மறுத்தால் மறுத்ததையும் எழுது. மனைவிக்காகப் புருஷன் மறுப்பது மறுப்பே ஆகாது, அவளிடமே கேள். நினைவில்லாதவருக்கும், பெற்றோர் பக்கத்தில் இல்லாத குழந்தைக்கும் கையெழுத்துக்காகக் காத்திருக்காதே. சம்மதம் பெற வழியில்லாதபோது அவர் நலனுக்காக நல்லெண்ணத்தில் செய்வதைப் ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 30-வது பிரிவு காக்கிறது.

தீக்காயத்தோடு வரும் பெண்கள் விஷயத்தில் மிகக் கவனம் வேண்டும். மாமியார் பக்கத்தில் இருந்தால் அந்தப் பெண் "ஸ்டவ் வெடிச்சது" என்பாள். வண்டிக் கதவு சாத்தியதும் வேறு சொல்லலாம். நீ கேள்வி கேட்டு விசாரிக்காதே, அது மாஜிஸ்திரேட் வேலை. ஆனால் அவள் தானாகச் சொன்னதை அவள் வார்த்தையிலேயே, நேரத்தோடு, அப்போது வண்டியில் யார் இருந்தார்கள் என்பதோடு எழுது. தன் சாவுக்கான காரணம் பற்றி ஒருவர் யாரிடம் சொல்லியிருந்தாலும் அது சாட்சியமாக நிற்கும். கத்திக்குத்து என்றால் சட்டையில் உள்ள ஓட்டை வழியாக வெட்டாமல் தள்ளி வெட்டு. துணியைக் காகித உறையில் போடு, பிளாஸ்டிக்கில் ஈரம் சேர்ந்து பூத்துவிடும். தூக்குக் கயிற்றை முடிச்சு கலையாமல் எதிர்ப்பக்கம் அறு.

குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்திருக்கும் என்று தெரிந்தால் போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவுப்படி போலீஸுக்குச் சொல்லியே ஆகவேண்டும். குடும்பம் கெஞ்சினாலும் உனக்கு விலக்கு கிடையாது. பெயரும் முகமும் மட்டும் எந்த வாட்ஸ்அப் குழுவுக்கும் போகக் கூடாது.

எந்த ஆஸ்பத்திரியாவது "போலீஸ் கேஸ், வேற இடம் பாருங்க" என்றால், 1989-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது: உயிர் காப்பது முதல், சட்டச் சடங்கு பிறகு. சண்டை போடாதே. அப்படிச் சொன்னவரின் பதவி, காரணம், நேரம் எழுதிக் கண்ட்ரோல் ரூமுக்குச் சொல். பொறுப்பேற்று ஒருவர் கையெழுத்துப் போடும்வரை நோயாளி உன்னுடையவர்தான். தாலி, மோதிரம், போன், பணத்தை எண்ணி எழுதி அதற்கும் கையெழுத்து வாங்கு. 'தங்கச் செயின்' என்று எழுதாதே, 'மஞ்சள் நிறச் செயின்' என்றே எழுது; அது தங்கம்தானா என்று பார்த்து உன்னால் சொல்ல முடியாது.

அப்பா உனக்கு விநாடி முள் உள்ள கடிகாரம் ஒன்று வாங்கியிருக்கிறார், பார்சலில் அனுப்புகிறோம். ஒவ்வொரு ஷிஃப்ட் தொடக்கத்திலும் அதைக் கண்ட்ரோல் ரூம் நேரத்தோடு ஒத்து வைத்துக்கொள். வண்டியில் குழந்தை பிறந்தால் அந்த நேரத்தைத்தான் ஜாதகம் வரை கொண்டுபோவார்கள், கண்ணு.

அன்புடன்,
அம்மா