கடைசல்காரர்

கும்பகோணம்
ஞாயிறு இரவு

அன்புள்ள வசந்தி,

நாலு மாதமாக ஒரு வரி போடவில்லை. திட்டிக்கொள். போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய் என்றுதான் எழுதுகிறேன். அம்மா நலம், முழங்கால் மட்டும் நலமில்லை. டீச்சர் மகள் கல்யாணத்துக்கு நீ வராததை மூன்று பேர் விசாரித்தார்கள். பாண்டிச்சேரிக் கதையைச் சொல்லியிருக்கிறேன், நீயும் மாற்றிச் சொல்லாதே.

என் எழுத்துப் பிழைப்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். இந்த நாலு மாதத்தில் இரண்டு கட்டுரை, ஒரு மதிப்புரை, ஒரு ஆளுமைச் சித்திரம். சன்மானம் வந்தது ஒன்றுக்கு.

மதிப்புரை ஒரு கூத்து. நம்மூர்க் கவிஞர் ஒருவரின் தொகுப்பு. முன்பாதியில் நாலு நல்ல வார்த்தை, பின்பாதி முழுக்கக் குட்டு. இடமில்லை என்று பின்பாதியை வெட்டிவிட்டார்கள். மனிதர் ஒரு கவுளி வெற்றிலையோடு வீட்டுக்கே வந்து நன்றி சொன்னார், கையில் அடுத்த தொகுப்பின் பிரதி. வெற்றிலை அம்மாவுக்கு, பிரதி எனக்கு. வெற்றிலையாவது புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாச்சியார்கோவில் குத்துவிளக்குப் பட்டறை ஒன்றைப் பற்றி எழுதினேன், உனக்கு அனுப்பினேனே, நீயும் 'கண்ணீர் வந்தது' என்று பதில் போட்டாயே, அதுதான். போன வாரம் அந்தப் பெரியவரின் மகன் போன் செய்தான். கோபமாகக்கூட இல்லை. "ஏன்க்கா, அப்பாவைக் கடைசி ஆளுன்னு எழுதியிருக்கீங்களே, நீங்க வந்த அன்னிக்கு நான் பக்கத்துலயே உக்காந்து அரம் போட்டுக்கிட்டு இருந்தேனே, பாக்கலையா?"

பார்த்தேன் வசந்தி. பனியன் போட்டு, காதில் ஒயர் மாட்டிக்கொண்டு ஒரு பையன் இருந்தான். லீவுக்கு வந்த பிள்ளை, பொழுது போகாமல் உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்தேன். அவன் எட்டு வருஷமாகக் கடைசல் பிடிக்கிறானாம், வார்த்த விளக்கைச் சுழலவிட்டுச் சீவி வழவழப்பாக்குகிற வேலை.

தலைப்பை இதழ்க்காரர்கள் வைத்தார்கள் என்று தப்பிக்கலாம். ஆனால் உள்ளே மூன்று இடத்தில் 'கடைசி' என்று எழுதியது நான்தான். அதன் பலன் என்ன தெரியுமா? ஒரு கோயிலுக்கு ஐந்தடி விளக்கு ஒரு ஜோடி கேட்டு முன்பணம் கொடுத்தவர்கள், "பெரியவருக்கு முடியலையாமே" என்று பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். பழம்பொருள் வாங்குகிற ஒருவர் பட்டறை வாசலுக்கே வந்து, பழைய கடைசல் மரத்தையும் வார்ப்புப் பெட்டிகளையும் மொத்தமாக விலை பேசியிருக்கிறார். உயிரோடு இருக்கிறவன் வீட்டுக்குக் கருமாதிச் சாமான் கொண்டுபோன மாதிரி.

வியாழக்கிழமை திருவாரூர் பஸ்ஸில் ஏறிப் போனேன். நம்ம நாச்சியார்கோவில் கல் கருடன் இருக்கிறாரே, புறப்பாட்டில் சன்னதியை விட்டு வரும்போது நாலு பேர், அப்புறம் எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு என்று வெளியே வர வர ஆள் கேட்பாரே, அந்த மாதிரிதான் என் மனசும், வீட்டில் கிளம்பியபோது லேசாகத்தான் இருந்தது, இறங்கும்போது தூக்க ஆளில்லை.

பெரியவர் கட்டுரையைப் படிக்கவே இல்லை. கண் சரியில்லை. படத்தை மட்டும் யாரோ காட்டியிருக்கிறார்கள். "விளக்கு உச்சி அன்னத்தைப் படத்துல வெட்டிட்டாங்களேம்மா" என்பதுதான் அவர் குறை. பழைய கதையை மறுபடி சொன்னார்: மோட்டார் வராத காலத்தில் கடைசல் மரத்தைக் கயிறு போட்டு இழுத்துச் சுழற்றுவார்களாம், இவர் சின்னப் பையனாக இருந்தபோது தன் அப்பாவுக்குக் கயிறு இழுத்தாராம். அந்தக் கயிறு போய் மோட்டார் வந்ததைக் கட்டுரையில் நான் பெரிய சோகமாக எழுதியிருந்தேன். அவரோ, "மோட்டார் வந்த அன்னிக்குத்தான் தோள் வலி போச்சு" என்கிறார். மகன் தேநீரைக் கொடுத்துவிட்டு, "அப்பா கடைசல்காரர்தான்க்கா, கடைசிக்காரர் இல்ல" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குத்தான் சிரிக்க வரவில்லை.

ராத்திரி வந்து என் பழைய சித்திரங்களை எல்லாம் எடுத்துப் போட்டேன். பதினோரு பேர். ஏழு பேரைக் கடைசி ஆளாக்கியிருக்கிறேன். நெட்டித் தக்கையில் வேலை செய்கிற அம்மா கடைசி, நாதஸ்வரத்துக்குச் சீவாளி கட்டுகிறவர் கடைசி, வண்டிச் சக்கர ஆசாரி கடைசி. ஏழு பேரும் இன்னும் வேலை செய்கிறார்கள்டி. நெட்டி அம்மாவின் மருமகள் அவரைவிட நன்றாகச் செய்கிறாள் என்று கேள்வி.

இதில் என் அண்ணன் வேறு. மேட்டூர் அணைத் திறப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தது, 2024இல் ஜூலை 28 வரை இழுத்தது, 2025இல் ஜூன் 12க்கே வந்தது, தண்ணீர் தேதியை நம்பி நாற்று விடுகிறவன் பாடு என்ன என்றெல்லாம் ஒழுங்காக எழுதிவிட்டு, முடிவில் டெல்டாவுக்கு ஒரு ஒப்பாரி வைத்தேன். அண்ணன் ஏடிடி 43 நெல் அறுத்து, கொள்முதல் நிலைய வாசலில் கொட்டி, ஈரப்பதம் அவர்கள் வாங்குகிற 17 சதவீதத்துக்கு இறங்குமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் யாரோ அதைக் காட்டியிருக்கிறார்கள். அங்கிருந்தே போன் செய்தான். "என் நெல்லு நனையுதுன்னு எழுது. டெல்டா செத்துப்போச்சுன்னு எழுதாதே. செத்துப்போனதுக்கு எவன் தார்ப்பாய் குடுப்பான்?"

வசந்தி, நீ அழுதாயே, எதற்கு அழுதாய்? நிஜமாகக் கேட்கிறேன். அந்த மனிதர் நன்றாக இருக்கிறார், மகன் தொழிலில் இருக்கிறான், கார்த்திகைக்கு ஆர்டர் இருக்கிறது என்று எழுதியிருந்தால் நீ பாதியில் மூடி வைத்திருப்பாய், இல்லையா? நானும் அப்படி ஒரு கட்டுரையை ஆசிரியருக்கு அனுப்பத் தயங்குவேன். அழுகை வந்தால்தான் அடுத்த வேலை வருகிறது. இதை யோசித்து இரண்டு நாளாகத் தூக்கம் போய்விட்டது.

இதழில் திருத்தம் கேட்டேன். இரண்டு வரி போடுகிறார்களாம், பின்பக்கத்தில். அந்தக் கோயில்காரர்களோடு நானே பேசினேன். முன்பணம் இருக்கட்டும், நேரில் வந்து பார்க்கிறோம் என்றிருக்கிறார்கள்.

அப்புறம் ஒன்று. உன் பாட்டி விளக்கு தண்டு நிற்காமல் ஆடுகிறது, திருகு மறை தேய்ந்துவிட்டது என்று புலம்புவாயே, (உனக்கே மறை கழன்றதுதானே என்று ஹாஸ்டலில் யார் சொன்னது, நினைவிருக்கிறதா?) அதைத் தூக்கிப் போடாதே. பையனிடம் சொல்லியிருக்கிறேன், புது மறை வெட்டித் தருகிறானாம். பொங்கலுக்கு வரும்போது துணியில் சுற்றி எடுத்து வா. அடித்தட்டையும் மறக்காமல் எடுத்து வா, அது இல்லாமல் அளவு பார்க்க முடியாதாம்.

உன்,
ராதை